மூடு

"பந்தொம்மிதோ வார்டு,
மெஜாரிட்டி மூடு" என்றார் தேர்தல் அதிகாரி.
தெலுங்கில் அது மூன்று.
இருபத்திரண்டு வருஷமாக வால்வு திறந்து
மூடுகிறவனுக்கு வேறாகத்தான் கேட்டது.
கை தானாக வலப்பக்கம் திரும்பியது.

எண்ணுகிற மேசைகளுக்குத் தண்ணீர் கேன் சுமப்பது
அன்றைக்கு என் டியூட்டி.
இருபத்தைந்து சீட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு.
இருபத்தாறு வார்டு முடிந்தபோது
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.
வெளியே ஜூனியர் காலேஜ் மைதானத்தில்
இரண்டு கட்சிக்காரர்களும்
ஒரே கடையில் வாங்கிய சரவெடியைப்
பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார்கள்,
காய்ச்சல் பிள்ளையோடு டாக்டருக்குக் காத்திருப்பவர்கள்போல.

செல்லாத ஓட்டு ஒன்பது.
ஒன்றை அதிகாரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
இரண்டு சின்னத்துக்கும் நடுவே இருக்கிற கோட்டின்மேல்
முத்திரை உட்கார்ந்திருந்தது.
ஓரம் ஈரத்தில் ஊறி மை கலங்கியிருந்தது.
இந்தப் பக்க ஏஜெண்ட் "எங்களுக்கு" என்றார்.
அந்தப் பக்க ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் கேனை இறக்கிவைத்துவிட்டுக்
கையைக் கால்சட்டையில் துடைத்தேன்.
ஓட்டுப் போட்ட காலை மில் தெரு வால்வு லீக்.
குழியிலிருந்து ஏறி
நேராக வரிசைக்குப் போனவன் நான்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

பாலகுரவய்யா மூன்று தடவை உட்கார்ந்த நாற்காலி.
அவர் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான்.
வழக்கமாக விலகுகிற கூட்டம் விலகவில்லை.
"கெலிச்சுட்டோம்" என்று கத்தினவர்கள்
தமிழா தெலுங்கா, அந்தச் சொல்லில் தெரியாது.
நகரி மூக்கு மலை
எந்தப் பக்கமும் திரும்பாமல்
மல்லாந்து கிடந்தது.

விடியற்காலை மூன்றரை.
சட்டைப் பையில் பழைய லிஸ்ட், மடிப்பில் கிழிந்தது:
அரிசி மில் தெரு, ஐம்பது நிமிஷம்.
சேர்மன் வீதி, மோட்டார் நிறுத்தும்வரை.
பத்தொன்பது, ரயில்வே கேட்டுக்கு அப்பால், எட்டு.

டாங்க் அடியில் புல்லட்டில் ஒருவர் காத்திருந்தார்.
கையில் புது லிஸ்ட்.
பதவியேற்பு வியாழக்கிழமைதானே என்றேன்.
"தண்ணிக்கு எதுக்குய்யா பதவியேற்பு?"
டார்ச் அடித்துப் படித்தேன்.
மில் தெரு கீழே இறங்கியிருந்தது.
கொட்டகைத் தெரு மேலே ஏறியிருந்தது,
அங்கேதான் அவர் மச்சான் வீடு.
பத்தொன்பதைத் தேடினேன்.
எட்டு.
அழகாக டைப் ஆகியிருந்தது.

கேட்டைத் தாண்டிக் குழாயடிக்குப் போனால்
குடங்களின் வரிசையில் ஏழாவதாக
மஞ்சள் குடத்தோடு முனிரத்தினம்மா.
மூன்று ஓட்டில் முனிசிபாலிட்டியைப் புரட்டினவள்.
நேற்று மாலையின் செவ்வந்தி இதழ் ஒன்று
இன்னும் பின்னலில் இருந்தது.
கவுன்சிலரை முன்னால் விடலாமா என்று
ஆறு பேரும் யோசித்தார்கள்.
விடவில்லை.

"தேசப்பா, நமக்கு இப்போ எத்தனை நிமிஷம்?"
லிஸ்டை நீட்டினேன்.
விளக்குக் கம்பத்தடியில் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"இதுல யார் கையெழுத்தும் இல்லையே."
இல்லை என்றேன்.
நான்காக மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.
பிறகு குனிந்து குடத்தை அலசினாள்.

இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கினேன்.
ஆறு சுற்று. காற்று இருமியது.
கொஞ்சம் செம்மண், அப்புறம் தண்ணீர்.

எட்டு நிமிஷம் ஆனபோது
அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு குடம்.
சாவிமேல் கை வைத்து நின்றேன்.
யாரும் மூடு என்று சொல்லவில்லை,
எந்த மொழியிலும்.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
புல்லட் சத்தம் கேட்டது.