கடைவாய் ஓரம்

எஸ்கேல் நகரம். பிற்பகல் மூன்று மணி.
கீழ்வரிசை வலப்பக்கக் கடைவாய்ப்பல்
இரண்டு வேரோடு தட்டில் விழுந்தது.
'முடிந்தது, ஷீனோஸ்' என்றார் டாக்டர் குராமில்.
பத்தொன்பது வருடமாக அவருக்கு அவள் ஷீனோஸ்தான்.

அவள் பெயர் ஷீனோஸ் அல்ல.

அவள் பெயரின் முதல் ஒலிக்கு
நான் எழுதும் எழுத்துகளில் இடமில்லை.
ல என்றால் குரல் கூடவே வந்துவிடுகிறது.
ஸ என்றால் காற்று நடுவழியே ஓடிவிடுகிறது.
கேட்பாரில்லாமல் கிடக்கும் மூன்று புள்ளியைக்
கைமாற்றாக வாங்கி
ஃலீனோஸ் என்று எழுதிக்கொள்கிறேன்.
வாசிக்கும்போது
நுனிநாக்கை ல-வுக்கு வைத்து,
குரலை விளக்குபோல் அணைத்துவிட்டு,
கடைவாய் ஓரமாக ஊதுங்கள்.
எதிரே யாரும் இல்லாதபோது செய்வது நல்லது.

வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின்
ஆறாம் தலைமுறை அவள்.
அந்த மொழியில் இரட்டை எல்லில் தொடங்குவது கை.
அர்ஜென்டினா ஸ்பானிஷில்
அதே இரட்டை எல்லில் தொடங்குவது சாவி.
விடியற்காலை பேக்கரியைத் திறக்கிறாள்:
கைக்கு ஓரக்காற்று, சாவிக்கு ஷ.
மலை தாண்டிச் சிலே பக்கம் போனால்
பலர் வாயில் அதே சாவி ய-வில் தொடங்கும்.
பூட்டுக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள்.
'ஒழுகுகிறது, டாக்டர்.'
'ரத்தமா?'
'பெயர்.'

அலைபேசியில் அக்கா மெரெரிட்
யார் விசிலடிப்பது என்று கேட்டாளாம்.
கடையில் பால் என்று வேல்ஷில் சொன்னால்
வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து வருகிறதாம்.

'சொல்லுங்கள், பார்ப்போம்.'
பத்தொன்பது வருடத்தில்
அவள் பெயரை அவளிடமே கேட்டது அன்றுதான்.
உதட்டின் வலப்புறம் சிறு கண்ணாடியைப் பிடித்தார்.
ஃலீனோஸ்.
கண்ணாடி பனித்தது.
துடைத்து இடப்புறம் பிடித்தார்.
ஃலீனோஸ்.
கண்ணாடியில் சன்னல், சன்னலில் மலை, தெளிவாக.

ஐம்பத்திரண்டு வயதுவரை
பெயர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று
அவள் யோசித்ததே இல்லை.

அவரும் முயன்றார்.
முதலில் பூனை. பிறகு சைக்கிள் பஞ்சர்.
அக்கா மகன் இட்வால்
டர்பன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பற்றவைக்கிறவன்;
ஜூலு மொழியிலும் இதே காற்று இருக்கிறது,
'ஃலாலா' என்றால் 'உட்கார்' என்று எழுதியிருந்தான்.
'ஃலாலா' என்றாள், நாற்காலியைக் காட்டி.
உட்கார்ந்தார்.
கண்ணாடி இப்போது அவள் கையில்.

ஷீ. ஷ்லீ. ஹ்லீ.
சொல்லின் தொடக்கத்தில் வரவேயில்லை.
சலித்துப்போய்
'குராமில் வாய்க்கு இது ஆகாது' என்று சொல்ல வந்தவர்
குராமி என்றதோடு நின்றார்.

அப்பா சாலையில் சரளை பரப்பியவர்.
சம்பள வரிசையில் பெயர் சொல்லும்போது
கடைசி எழுத்தில் குரல் அணைந்துவிடும்,
வெறும் காற்று.
குமாஸ்தா 'குராமி' என்று எழுதிக்கொள்வார்.
பல்லில்லாத வாய் என்று நினைத்தான் மகன்.
படித்து முடித்ததும்
முதல் பல்செட்டை அவருக்குத்தான் கட்டினான்.
அதன்பிறகும் பெயர் காற்றில்தான் முடிந்தது.
தன் வேலையில்தான் குறை என்று
மூன்று முறை வாங்கி அரம் போட்டான்.
மூன்று முறையும் அப்பா
ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

தனக்குச் சொல்லித்தரப்படாத
மாப்புச்சே மொழியில்
சொல்லின் கடைசி ல சில வாய்களில்
இப்படித்தான் அணையும் என்பது
அவருக்கு எப்படித் தெரியும்?

நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்:
குராமிஃல்.
'இடப்பக்கம்' என்றாள் அவள்,
கண்ணாடியை விளக்கில் காட்டி.
அவர் அதைத் துடைக்கவில்லை.

வியாழக்கிழமை பாலம் பொருத்தி,
நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி,
ஒரு மேட்டைத் தேய்த்துவிட்டு,
'இப்போது எப்படி இருக்கிறது, ஷ—'
நிறுத்தி
நாக்கை இடம் மாற்றி ஊதினார்.

முகக்கவசம் ஒருபுறம் மட்டும் உப்பியது.

'கிட்டத்தட்ட' என்றாள்.