ஒழுக்கு

தீர்ப்பு மூன்று பக்கம்.
குழாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
நான் என் தகப்பனின் பெயரில் இருக்கிறேன்,
கீழ்வீட்டு சாம்பா தூன்காரா
அவருடைய பெயரிலேயே.
வழக்காளி இரண்டு வருடமாக
ஓரடியும் எடுத்து வைக்காதபடியால்
வழக்கு அணைந்தது என்று எழுதியிருந்தது.
அணைந்தது.
அடுப்பைச் சொல்வதுபோல.

பொபினி நீதிமன்றப் படியில் வைத்து
என் சட்டத்தரணி கைகொடுத்தார், கையுறையைக் கழற்றாமல்.
"வாயே திறக்காமல் வென்றோம், மதாம்.
அவர் மறுபடி போடலாம்,
காலம் மிச்சமிருந்தால்."

கீழ்வீட்டு முகட்டில் கறை
முதலில் ஒரு தோசையளவு.
படம் எடுத்து அனுப்பியிருந்தார்,
அளவு தெரியட்டும் என்று
பக்கத்தில் ஒரு ஈரோ நாணயத்தைப் பிடித்து.
இரவில் கிடங்குக் காவல் அவருக்கு.
காலை ஏழுக்கு வந்து படுப்பார்,
கறைக்கு நேர்கீழே கட்டில்.
ஏழேகாலுக்கு நான் குளிப்பேன்.

பிறகு வழக்கு.
பிறகு நிபுணர் ஒருவரை நியமித்தார்கள்.
அவர் வந்து பார்க்க எண்ணூறு ஈரோ கட்டவேணும்,
வழக்குப் போட்டவர்தான் கட்டவேணும்.
அந்தக் கடிதம் என் தபால்பெட்டிக்குள் விழுந்தது.
புதுத் தபால்காரன்.
எங்கள் இருவர் பெயரும் அவன் நாக்குக்கு ஒன்றுதான்.

நான் ஒளிக்கவில்லை, கிழிக்கவில்லை.
வழிதவறிய கடிதங்களை எல்லாரும் வைக்கிற இடத்தில்,
பெட்டிகளுக்கு மேலே, வைத்தேன்.
பீட்சா விளம்பரத்துக்கு மேலா கீழா
என்பது நினைவில்லை.
நினைவிருக்கிறது. கீழே.

மூன்று கிழமை கிடந்தது.
லிப்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம்
உறையின் ஒரு மூலை என்னைப் பார்த்தது.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
துப்புரவுப் பெண் எல்லாவற்றையும் வழித்துப் போயிருந்தாள்.
நாட்களை எண்ணியது என் சட்டத்தரணி.
நான் கலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன்,
அவ்வளவுதான்.

மகன் பல்லுக்குக் கம்பி போட்டான், கழற்றினான்.
கோப்பு பொபினியில் எந்தத் தட்டிலோ உறங்கியது.
தண்ணி உறங்கவில்லை.
கறை கட்டிலைத் தாண்டி அலுமாரிப் பக்கம் போய்விட்டதென்று
காவலாளியின் மனைவி சொன்னாள்,
என்னிடம், வேறு கதையின் நடுவில்.

அத்தனை காலமும் தூன்காரா
லிப்ட் கதவை எனக்காகப் பிடித்து வைத்தார்.
தீர்ப்புக்கு மறுநாளும் பிடித்து வைத்தார்.
"முடிந்ததாம்," என்றார்.
"முடிந்ததாம்," என்றேன் நானும்,
தூரத்துச் சாவொன்றைக் கேள்விப்பட்டவள்போல.

இன்று குழாய்க்காரன் வந்தான்.
நானே கூப்பிட்டேன்.
தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து
டோர்ச் அடித்து
மெல்ல விசிலடித்தான்.
ஒரு றப்பர் வளையம்.
பதினொரு ஈரோ, கூலி தனி.
படிவத்தை முழங்காலில் விரித்து
பேனாமுனையைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்,
எப்போதிலிருந்து ஒழுகுது, மதாம்?

நாலு வருடமாக
இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.
வாயில் தயாராக இருந்தது
திகதி,
கிழமையோடு.