நேர் விமானம் இல்லை

விடியுமுன் மூன்று மணிக்கு
வெட்டூர்ணிமடத்தில் பெனிஷாவை ஏற்றினேன்.
வாகைக்குளம், அங்கிருந்து சென்னை,
ராத்திரி ஆஸ்பத்திரியில் டியூட்டி.
ஆரல்வாய்மொழிக் காற்று
காரை ஒரு பக்கமாய்த் தள்ளிப் பார்த்தது.
நாங்குநேரி தாண்டித்தான் வாய் திறந்தாள்:
"அண்ணே, தூத்துக்குடீலேருந்து
திருவனந்தபுரத்துக்கு நேரா பிளைட் உண்டா?"

இல்லை மக்கா.
சென்னை போய் மாறணும்,
காத்துக் கிடக்கிறதோட ஏழு மணிநேரம்.
நேராய் ஒன்று பறந்தால்
நூற்றுமுப்பது கிலோமீட்டர் இருக்குமா?
பெல்ட்டைப் போடு என்பான்,
தண்ணி குடிக்குமுன் கழற்று என்பான்.

சிரித்தாள், அல்லது இருமினாள்.
அவனுக்க லீவு இரண்டுநாள் தள்ளிப்போச்சு,
எனக்க லீவு தள்ளாது என்றாள்.

மத்தியானம் சாக்கையில் நின்றேன்.
தோஹா விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.
ஜஸ்டஸ் டிராலியில் டிவி பெட்டியோடு வந்தான்.
பின்சீட்டில், இடதுபக்கம்,
கழுத்துத் தலையணை ஒன்று கிடந்தது.
மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை,
எடுத்து மாட்டிக்கொண்டான்.
பாலராமபுரம் நெரிசலில் தூங்கிப்போனான்.
களியக்காவிளை தெரியாது,
மார்த்தாண்டம் மேம்பாலம் தெரியாது.

சாயங்காலம் பில் எழுத உட்கார்ந்தேன்.
வீட்டிலிருந்து வாகைக்குளம்: அவள் கணக்கு.
சாக்கையிலிருந்து வீடு: அவன் கணக்கு.
நடுவே அந்தத் தலையணையோடு
காலியாய் ஓடிவந்த தூரம் இருக்கிறதே,
அதை யார் பெயரில் எழுத?

டீசல் போட்டேன். எழுதவில்லை.