குறுக்கே

சுண்ணாம்பு தீர்ந்துபோனதால்
மூன்றாம் பேஸுக்கான கோட்டின் கடைசி ஏழடியைக்
கோலமாவில் போட்டிருந்தார்கள்.
ஆறாவது இன்னிங்ஸுக்குள்
எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு
திருப்பரங்குன்றம் பக்கமாய் நகரத் தொடங்கியிருந்தன.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
காத்துக்கிடந்த பைக்குகள்தான் எங்கள் கேலரி.

மட்டையில் பட்ட பந்து
தரையைக் கொத்திக் கொத்தி
ஷார்ட்ஸ்டாப் ஜெசிந்தாவை நோக்கி வந்தது.
அதே நேரம்
இரண்டாம் பேஸிலிருந்து ஒச்சம்மாள் கிளம்பினாள்.
இருவர் காலுக்கும் ஒரே மண்.

அடித்த பந்தை எடுக்க வருகிறவளுக்கே வழி.
ஓடுகிறவள்தான் ஒதுங்க வேண்டும்.
வேண்டுமென்றே செய்தாளா என்ற கேள்வி
எறிந்த பந்துக்கு மட்டும்.
இதில் மனசைத் துழாவ வேண்டியதில்லை.
மோத வேண்டும் என்றுகூட இல்லை,
முன்னால் நின்று மறைத்தாலே போதும்.

நின்றாளா?

ஒரு கால் மண்ணில், ஒரு கால் காற்றில்.
ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கிய பின்னல்
தோளைத் தாண்டி முன்னே வந்து விழுந்தது.
ஓடுகிறவளின் பின்னல் முன்னே வராது.

கை மேலே போய்விட்டது.
"டைம்!"
என் குரல் எனக்கே அரை நொடி கழித்துத்தான் கேட்டது.
ஜெசிந்தாவின் காலிடுக்கில் நுழைந்து
வேலிக்கருவை வரைக்கும்
உருண்டுகொண்டே போனது செத்த பந்து.

ஒச்சம்மாள் அவுட். அடித்தவளுக்கு முதல் பேஸ்.
ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டுக்
குதித்துக்கொண்டிருந்தவளை
மூன்றாவதுக்கே திருப்பி அனுப்பினேன்.
ஒருவரைத் திருப்பி அனுப்புவதுதான்
இந்த வேலையிலேயே கஷ்டம்.

கோச் தவசிலிங்கம் துண்டோடு ஓடிவந்தார்.
"தொடவே இல்லையே மேடம்!
பிள்ள என்ன வேட்டியா கட்டிருக்கு,
காத்துல பறந்து மறைக்க?"
"தொட வேண்டியதில்ல சார்."
"அப்ப பறந்து போகச் சொல்றீங்களா?"
கேட் பக்கமிருந்து ஒருவன்:
"அம்பயருக்குத் திருமங்கலம்டா,
அவைங்களுக்குத்தான் சொல்லுவாய்ங்க."
எனக்கு அவனியாபுரம்.
அதைச் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை.

வாரநாட்களில் தாலுகா ஆபீசில்
வண்டிப்பாதைத் தகராறுக் கட்டுகளைத் தூசி தட்டுகிறேன்.
புலப்படம், அடங்கல், சாட்சி, வாய்தா.
செக்கானூரணிப் பக்கத்து ஃபைல் ஒன்றுக்குப்
பதினோரு வயசு.
இங்கே எனக்குக் கொடுத்திருப்பது
ஒரு கண் சிமிட்டல்;
சிமிட்டியிருந்தால் அதுவும் இல்லை.

ஆட்டம் முடிந்து
குழாயடியில் முட்டிக்காயம் கழுவிக்கொண்டிருந்தாள்.
நிமிராமலே கேட்டாள்:
"நெசமாவே நின்னேனா மேடம்?
எனக்கே தெரியல."
"ஒன் சடை முன்னால வந்துச்சும்மா."
தண்ணீர் சிவந்து, வெளுத்து ஓடியது.
சரி என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும்.

அடுத்த ஞாயிறு
பின்னலைச் சுருட்டி
ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டு
இரண்டாம் பேஸில் வந்து நிற்கிறாள்.
என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு.

குனிந்து, முழங்காலில் கையூன்றி,
அவள் குதிகாலைப் பார்க்கப் பழகுகிறேன்.