பின்னாடி உக்காரு

நாகமரைத் துறையில் தூண்டில் போட்டி.
பரிசல் வைத்திருப்பவர் பெயர் தாளின் முன்பக்கம்,
இல்லாதவர் பெயர் பின்பக்கம், பென்சிலில்.

சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு விழுந்தது தீர்த்தகிரி பரிசல்.
"பின்னாடி உக்காரு.
நான் போட்ட எடத்துல போடாத."

சரி என்றேன்.
பென்னாகரம் பஞ்சர் கடைக்கு அரைநாள் லீவு,
மச்சானிடம் இரவல் வாங்கிய கோல்,
நாற்பது ரூபாய் ரப்பர் தவளை.

நடுத்தண்ணியில் காற்று திரும்பியது.
முன் பின் அறியாத வட்டப் பரிசல்
மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி,
அவர் குறிவைத்திருந்த
மூழ்கிய கருவேல மரத்தை
என் மடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது.

தீர்த்தகிரி துடுப்பைத் தொடவில்லை.
பீடி பற்றவைத்தார்.

விரால். ஒன்றேகால் கிலோ.
தராசுக்காரர் தாளில் என்னைத் தேடினார்,
மேலிருந்து கீழாக, இரண்டு முறை.

திருப்புங்க, என்றேன்.