வியாழன், மாலை ஆறு முதல் ஒன்பது வரை

ஒங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்று மாடிக் குடியிருப்பின் நிலவறையில்
துணி துவைக்கும் அறை.
சுவரில் ஒரு பலகை. கிழமைக்கு ஒரு வரிசை.
வேண்டிய நேரத்தில்
வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டை மாட்ட வேண்டும்.
ஸிக்ஸ்டன் ரூட்பெரியின் பூட்டு
முப்பத்தோராண்டு வியாழனில் தொங்கியது.

அவன் அங்கே துவைத்து யாரும் பார்த்ததில்லை.
கைப்பிடி சுழற்றும் நகலச்சு எந்திரத்தைப்
போர்வையில் சுற்றிப் படியிறக்குவான்,
பிரசவத்துக்குக் கூட்டிப்போவது போல.
சத்தத்துக்குச் சத்தம் துணை என்று
காலியான சலவை எந்திரத்தையும் ஓடவிடுவான்.
ஈரத்தாள்கள் கொடியில்,
மரக் கவ்விகளில்.

வெள்ளிக்கிழமைக்காரி திருமதி ஹெட்வாலின்
மேசைவிரிப்பில் ஒருமுறை
இடம் வலம் மாறிய எழுத்தில் பதிந்துவிட்டது:
'செவ்வாயில் மழை இல்லை,
ஆனாலும் ஒரு குடை உண்டு.'
குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதினாள்,
சோப்பு, ப்ளீச், எலுமிச்சை எல்லாம் போட்டாயிற்று என்று.
அடியில் சிறியதாக:
அடுத்த வரி என்ன?

இதழின் பெயர் 'கடைசிப் பெட்டி'.
வாசகர் நாற்பத்து மூன்று பேர், நான் உட்பட.
இரவு அஞ்சல் ரயிலில்
கடிதம் பிரிக்கும் வேலை அவனுக்கு.
இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு கவிதை;
பனி விழுந்து வண்டி நின்றால் நெடுங்கவிதை.
நாங்கள் அறிவியல் புனைகதை ரசிகர்கள்.
கவிதையைப் பொறுத்துக்கொண்டோம்,
ஊருக்கு வந்த மாப்பிள்ளையின் தம்பியைப்
பொறுத்துக்கொள்வது போல.
எரிபொருள் என்ன, எடை எவ்வளவு என்று
கடிதம் எழுதினோம்.
விண்வெளிக்கும் தப்பியோடுவதற்கும்
ஸ்வீடிஷில் ஒரே வேர் என்று
ஆறு பக்கம் எழுதினான் ஒருமுறை.
யாரும் பதில் போடவில்லை. நானும்.

யோத்தே சன்னர்ஹோல்முடன் சண்டை வந்தது
ஒரே ஒரு வரியால்.
கப்பல் வெடிக்கும் ஓசை
இருளில் நெடுநேரம் கேட்டது என்று இவன்.
வெற்றிடத்தில் ஓசை கேட்காது, மூடனே, என்று அவன்.
மாநாடுகளில் பதினோராண்டு
அறையின் இரு மூலைகள்.
மாலை பியர் நேரத்தில்
ஒருவன் எழுந்தால் மற்றவன் உட்காருவான்.
ஆனால் இதழுக்கு இதழ் என்ற பரிமாற்றம்
ஒருமுறையும் தவறவில்லை.
தபால்தலைகளை யோத்தே
அளவுகோல் வைத்து ஒட்டியிருப்பான்.

நவம்பரில் ஸிக்ஸ்டன் செத்தான்.
அறுபத்தோராம் இதழ் அச்சாகி
அடுக்கப்படாமல் கொடியில் இருந்தது.
ஐந்து பேர் போனோம்.
பிங்பாங் மேசையில் பக்கங்களைப் பரப்பி
ஒவ்வொன்றாய் எடுத்தபடி
சுற்றிச் சுற்றி நடந்தோம்.
மைகேனுக்குத் தலை சுற்றியது;
கொஞ்சம் திசை மாற்றிச் சுற்றுவோம் என்றாள்,
அப்போது பக்கங்கள் தலைகீழாய் வரும் என்றோம்.

பொரோஸிலிருந்து நாள் முழுக்க ரயிலேறி
யோத்தே வந்தான்.
எவரையும் பாராமல் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டான்.
பதினோராம் பக்கத்தில்
அவனுடைய பழைய கடிதம், மூடன் உட்பட,
ஓரெழுத்து குறையாமல்.
கீழே:
'பதில் அடுத்த இதழில்.'

அவன் படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.
மாட்டினான். பின் அடித்தான்.
அன்று அவன் கோணலாக அடித்தது அந்தப் பிரதி மட்டும்தான்;
அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்து நான்கு இருந்தது.
கூடுதல் பிரதி யாருக்கென்று பேசிக்கொண்டிருக்கையில்
கூடையோடு உள்ளே வந்தாள் திருமதி ஹெட்வால்.
அவள் நேரம் தொடங்கிவிட்டது.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
எங்களைத் தாண்டிக் கையை நீட்டினாள்.

ஜனவரியில் சங்கத்தார் பூட்டை அறுப்பார்களாம்.
நேற்றுவரை அறுக்கவில்லை.
கட்டடத்தில் பதினெட்டு வீடு, அழுக்குக்குக் குறைவில்லை.
வியாழனில் மட்டும்
இன்னும் எவரும் இறங்கவில்லை.