விசில் இல்லாத கழுத்து

ஜூன் மாதம் நோட்டைக் கிழித்தேன்.
கார்னரும் ஃப்ரீ கிக்கும் இருந்த பக்கங்கள் ஜெய்லானிக்கு.
பகலில் துறைமுகத்தில் வெல்டிங் வைப்பவன்.
இரும்பில் எந்த இணைப்பு முதலில் விட்டுப்போகும் என்று
பார்த்தாலே தெரியும்,
டிஃபென்ஸிலும் தெரியுமாம். சொன்னான். நம்பினேன்.

கோல்கீப்பர்கள் தமயந்திக்கு.
ஜி.ஹெச்சில் இரவு ட்யூட்டி முடித்து
சிவந்த கண்ணோடு ஆறு மணிக்கு வருவாள்,
இரண்டு பெண்களையும் மண்ணில் புரட்டி எடுத்துவிட்டுத்தான்
டீ குடிப்பாள்.

ஓட்டம், காயம், ஆளுக்கு எத்தனை முட்டை,
யாருக்கு எந்தத் தேதியில் வயிறு வலிக்கும்,
எல்லாம் நெப்போலியன் சாருக்கு என்று ஆரம்பித்தேன்.
கடைசி ஒன்றைத் தமயந்தியே பிடுங்கிக்கொண்டாள்.
அதுவும் சரிதான்.
பிரிப்பதையும் நானே செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

விசிலைக் கொடுத்ததுதான் கஷ்டம்.
பதினோரு வருடம் கழுத்தில் கிடந்த கயிறு.
கொடுத்த பிறகும் கை நெஞ்சுக்குப் போகும்,
சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்து வேம்பின் அடியில்
முதல் மாதம் முழுக்க
ஜெய்லானி இடது என்றால் மனசுக்குள் வலது என்றேன்.
மனசுக்குள் என்றுதான் நினைத்தேன்.
"அக்கா, உங்க மூஞ்சி சத்தமாப் பேசுது" என்றான்.
அடுத்த நாளிலிருந்து கறுப்புக் கண்ணாடி.
பிள்ளைகள் சினிமாக்காரி என்றார்கள்.

காலையில் கொடுத்ததை மாலைக்குள்
பத்து முறை திருப்பி வாங்கியிருக்கிறேன்,
"சும்மா ஒண்ணு கேக்கறேன்" என்று தொடங்கும்
வாக்கியங்களில்.

பிறகு நெய்வேலியோடு ஆட்டம்.
எழுபத்தெட்டாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று, அவர்கள் கார்னர்.
தெற்கே சிப்காட்டிலிருந்து அந்த வாடையைத் தூக்கிக்கொண்டு
பந்தை உள்ளே தள்ளுகிற காற்று.
தூர போஸ்ட்டில் ஆள் இல்லை.
ஜெய்லானி வேண்டுமென்றே எடுத்திருந்தான்,
பந்து வெளியே வந்தால் பறக்கட்டும் என்று
அமலோற்பவத்தை நடுக்கோட்டில் நிறுத்தி.
வாயைத் திறந்தேன்.
கை நெஞ்சுக்குப் போனது.
பொத்தான்.
வாயை மூடினேன்.

பந்து தூர போஸ்ட்டில்தான் இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர்
நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார்.
"யாரு போட்ட பிளான் இது?"
"என்னோடது சார்."
பொய் இல்லை.
பக்கங்களைத்தான் கொடுத்தேன். அட்டை என்னிடம் இருக்கிறது,
அதில் என் பெயரும் இருக்கிறது.
ஜெய்லானி குனிந்து
அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

இரவு ஒன்பதரைக்கு பைக் சத்தம்.
கையில் அந்தப் பக்கங்கள்,
பொறி பட்டு ஓரம் கருகியவை.
"நீங்களே வச்சுக்குங்கக்கா."
என் கை நீளத்தான் பார்த்தது.
பின்னால் கட்டிக்கொண்டேன்.
"நாளைக்கு அஞ்சரைக்கு கார்னர் பிராக்டிஸ்.
தூர போஸ்ட்டுக்கு யாருன்னு நீ சொல்லு."

வெகுநேரம் பெட்ரோல் டேங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.
பிறகு ஒரு பெயர் சொன்னான்.
நான் சொல்லியிருக்கவே மாட்டேன் அந்தப் பெயரை.

கண்ணாடி மைதானத்து பெஞ்சிலேயே கிடந்தது.
நல்லவேளை,
தெருவில் கரண்ட் இல்லை.